மிச்ச உணவும் விலங்குக் கடியும்

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின் உண்பது நம் மரபு. ஆயினும், நோயாளிக்கு வந்த உணவில் மிஞ்சியதை மருத்துவமனை வாயிலில் நாய்க்கோ குரங்கிற்கோ இடுதல் தகாது. உணவு கிடைத்த இடத்தை அவை மறப்பதில்லை. பொட்டலத்துடன் வருவோரை நெருங்கிக் கடிக்கவும் கூடும்.

தெருக்களில் நாய்களுக்கு உணவிடலாகாது, வார்டுதோறும் அதற்கெனத் தனியிடம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று ஆணையிட்டது. காரைக்குடி மாநகராட்சியிடம் அவ்விடத்தைக் கேட்டறிந்து உணவிடுவோம்.

கடியோ கீறலோ பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவுவோம். மஞ்சளோ சுண்ணாம்போ பூச வேண்டா. அன்றே தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் குறித்த நாள்களில் தவறாது முடிப்போம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.