ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் வலசைப் பறவைகள் வரும் காலம்

ஐப்பசி மழை பிடித்து ஏரியில் தண்ணீர் ஏறியதும் வாத்துக் கூட்டங்கள் இறங்கத் தொடங்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் சைபீரியா வரை பரந்த வடக்கு நிலங்களில் குஞ்சு பொரித்து, அங்கே நீர் உறையும் முன் தெற்கே கிளம்புபவை. மாசி, பங்குனியில் திரும்பிவிடும். அந்தப் போக்கும் வரவும் சேர்ந்ததுதான் வலசை. திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை இங்கே தின்றுதான் உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நாம் ஒருமுறை விரட்டிக் கிளப்பினால், அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைந்துபோகும். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான்.

செய்ய வேண்டியவை

கரையிலேயே நின்று பாருங்கள். விடியற்காலை நல்ல நேரம். பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் வாருங்கள்.

நரம்பு வலையில் சிக்கிய பறவையைக் கண்டால் பதறாதீர்கள். முதலில் ஒரு துண்டைத் தலைமேல் போட்டு மூடுங்கள். கண் மறைந்தால் திமிறல் குறையும். இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். நாரை, கொக்கு என்றால் முகத்துக்கு நேரே கொண்டுவரவே கூடாது, கண்ணைக் குத்திவிடும். நரம்பை இழுக்க வேண்டாம். இழுத்தால் கால் அறுந்துபோகும். கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு அலகுக்குள் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

காலில் வளையம் மாட்டிய பறவையைக் கண்டால் எண்ணையும் நிறத்தையும் குறித்து, முடிந்தால் படமெடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் அவர்களுடைய ஆய்வு மையம் இருக்கிறது. எந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பது இப்படிச் சேரும் தகவல்களால்தான் தெரியவருகிறது.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பள்ளிப் பிள்ளைகளை அதற்கு அழைத்துப் போங்கள்.

செய்யக்கூடாதவை

படம் அழகாக வரவேண்டும் என்று கல்லெறிந்தோ கைதட்டியோ கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். டிரோனும் வேண்டாம். வாத்துகளுக்கு அது தலைக்கு மேல் வட்டமிடும் பருந்து.

பொரி, ரொட்டி போடாதீர்கள். அவற்றுக்கு வேண்டிய பூச்சியும் பாசியும் நீர்ச்செடி விதையும் ஏரியிலேயே உண்டு.

தீபாவளி நேரத்தில் கரையோரம் வெடி வேண்டாம். நாயை அவிழ்த்துவிட வேண்டாம்.

நெல்வயலில் பறவை இறங்குகிறது என்று குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வைக்கவே கூடாது. செத்த பறவையைத் தின்னும் நாயும் பருந்தும் சேர்ந்து சாகும். தகர டப்பாவைத் தட்டுங்கள், மினுக்கும் நாடா கட்டுங்கள், போதும். எல்லாப் பறவையும் பயிருக்கு எதிரி இல்லை. நத்தைக்குத்தி நாரை வயலில் நத்தையைத்தான் பொறுக்குகிறது. பாகூர் விவசாயிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களுக்கு அவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏரி வற்றும்போது தெரியும் சேற்றை வீண் நிலம் என்று நினைத்துக் குப்பை கொட்டாதீர்கள். பொரி உள்ளானுக்கு இரை அந்த ஈரச் சேற்றில்தான்.

‘காட்டு வாத்துக் கறி’ என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்காதீர்கள். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. வாங்க ஆள் இருக்கும்வரை வலை விரிப்பவர் வந்துகொண்டேதான் இருப்பார்.