குப்பைத்தொட்டிகளும் பறக்கும் தட்டும்

கேள்வி: எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ‘ஃபெர்மி முரண்’ பற்றிப் பேச இருக்கிறேன். வேற்றுக்கிரகவாசிகள் இருந்தால் ஏன் இன்னும் இங்கே வரவில்லை என்று இயற்பியலாளர் ஃபெர்மி கேட்டதற்கு ஒரு பத்திரிகைக் கார்ட்டூன்தான் காரணம் என்று படித்தேன். இது நடந்ததா, பிற்பாடு கட்டிய கதையா? அந்தப் படத்தில் என்ன இருந்தது? அவர்கள் வரவில்லை என்பதாலேயே அவர்கள் இல்லை என்று ஆகிவிடுமா?
– ஓர் ஆசிரியை, விருதுநகர்

பதில்: நடந்ததுதான். அதற்குச் சாட்சிகளும் உண்டு. அந்தக் கார்ட்டூனை வரைந்தவர் ஆலன் டன். ‘நியூயார்க்கர்’ இதழில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் வரைந்தவர். இந்தப் படம் 1950 மே 20 தேதியிட்ட இதழில் வந்தது.

அந்த நாட்களில் நியூயார்க் தெருக்களில் வைத்திருந்த பொதுக் குப்பைத்தொட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. நகரத்துப் பத்திரிகைகள் அதைப் பெரிய விஷயமாக்கின. இன்னொரு பக்கம் நாடு முழுவதும் பறக்கும் தட்டுப் பேச்சு. 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலை அருகே கென்னத் அர்னால்டு என்ற விமானி, ஒன்பது பொருள்கள் மின்னல் வேகத்தில் பறந்ததாகச் சொன்னதில் தொடங்கியது அது. டன் இரண்டு செய்திகளையும் ஒரே படத்தில் சேர்த்துவிட்டார். தட்டிலிருந்து இறங்கி வருகிறார்கள் தலையில் உணர்கொம்பு முளைத்த குட்டி மனிதர்கள். முகமெல்லாம் மகிழ்ச்சி. கையில் நியூயார்க்கின் குப்பைத்தொட்டிகள்!

விண்வெளியைத் தாண்டி வந்தவர்கள் நம் தலைவர்களைத் தேடவில்லை, ஆயுத ரகசியத்தைத் தேடவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஹைட்ரஜன் குண்டுப் பணியைத் தொடரச் சொல்லி அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆணையிட்டிருந்தார். உலகமே அச்சத்தில் இருந்தபோது, வானத்திலிருந்து வந்தவர்களுக்குப் பிடித்துப்போனது தெருவோரக் குப்பைத்தொட்டி என்று ஒருவர் வரைகிறார். மனிதன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பெருமிதத்தை இவ்வளவு மென்மையாக இறக்கி வைத்த படங்கள் குறைவு.

அதே ஆண்டுக் கோடையில், லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தில் நான்கு இயற்பியலாளர்கள் மதிய உணவுக்கு ஃபுல்லர் லாட்ஜ் என்ற மரக்கட்டடத்தை நோக்கி நடந்தார்கள்: என்ரிக்கோ ஃபெர்மி, எட்வர்ட் டெல்லர், ஹெர்பர்ட் யார்க், எமில் கொனோபின்ஸ்கி. பேச்சு பறக்கும் தட்டுகளைப் பற்றியது. கொனோபின்ஸ்கி தாம் பார்த்த கார்ட்டூனைச் சொன்னார். ஃபெர்மி அதை ரசித்துவிட்டு, இது மிகவும் நியாயமான கோட்பாடு என்றார். தட்டுகள் தென்படுவதற்கும் தொட்டிகள் மறைவதற்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிடுகிறதே!

மாணவர்களிடம் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். தனித்தனியாகத் தெரியும் இரண்டு நிகழ்வுகளை ஒரே காரணத்தால் விளக்குவதைத்தான் நல்ல கோட்பாட்டின் அடையாளமாக அறிவியல் கருதுகிறது. ஆப்பிள் விழுவதையும் நிலா சுற்றுவதையும் ஒரே விசையால் விளக்கியது நியூட்டனின் பெருமை. டன்னின் நகைச்சுவைக்கும் அதே வடிவம். ஃபெர்மி அதைக் கண்டுகொண்டார். ஆனால் வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது, வேறு வழியிலும் சோதித்தாக வேண்டும். அவர்களுடைய பேச்சு உடனே அங்கேதான் போனது.

நட்சத்திரங்களிலிருந்து தட்டுகள் வரவேண்டுமானால் வேகம் வேண்டும். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள், ஒளியைவிட வேகமாகச் செல்லும் ஒரு பொருளுக்குத் தெளிவான சான்று கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஃபெர்மி டெல்லரைக் கேட்டார். பத்து லட்சத்தில் ஒன்று என்றார் டெல்லர். அது மிகவும் குறைவு, பத்து சதவீதம் என்று சொல்லலாம் என்றார் ஃபெர்மி. முதல் அணுகுண்டுச் சோதனையில், காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து நழுவவிட்டு, வெடிப்பின் அலை அவற்றை எவ்வளவு தூரம் தள்ளியது என்பதைக் கொண்டே குண்டின் ஆற்றலைக் கணித்தவர் அவர். எதையும் எண்ணாக மாற்றிப் பார்ப்பது அவர் இயல்பு.

பிறகு சாப்பாட்டு மேசையில் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. திடீரென்று ஃபெர்மி, “எல்லாரும் எங்கே?” என்றார். யாரைக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் அந்தக் கணமே புரிந்தது, சிரித்தார்கள். சொன்ன வார்த்தைகள் ஒவ்வொருவர் நினைவிலும் சற்று வேறு. 1954-இல் ஃபெர்மி காலமாகிவிட்டார். அவர் இதை எழுதி வைக்கவில்லை. 1980-களில் லாஸ் அலமோஸ் விஞ்ஞானி எரிக் ஜோன்ஸ் மற்ற மூவரிடமும் கடிதம் எழுதிக் கேட்டு, 1985-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். கார்ட்டூனை நினைவில் வைத்திருந்து சொன்னவர் கொனோபின்ஸ்கி. அது வெளிவந்த தேதியைக் கொண்டுதான் அந்த உரையாடல் எந்தக் கோடையில் நடந்தது என்பதே உறுதியாயிற்று. சரித்திரத்துக்கு ஒரு கேலிச்சித்திரம் செய்த உதவி இது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அவர்கள் வரவில்லை, ஆகவே இல்லை என்று ஃபெர்மி முடிவு கட்டவில்லை. யார்க் நினைவுகூர்ந்தபடி, பூமி போன்ற கோள்கள், உயிர், தொழில்நுட்பம் ஆகியவை தோன்றும் வாய்ப்பை ஃபெர்மி கணக்கிட்டு, நம்மை அவர்கள் எப்போதோ பலமுறை வந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். அப்படி நடக்காததற்குக் காரணங்களும் தேடினார். நட்சத்திரங்களுக்கிடையே பயணம் முடியாததாக இருக்கலாம். முடிந்தாலும் இவ்வளவு பாடு தேவையில்லை என்று விட்டிருக்கலாம். அல்லது தொழில்நுட்ப நாகரிகங்கள் அந்த அளவுக்கு நீண்ட காலம் நிலைப்பதில்லை.

மூன்றாவது காரணம் பேசப்பட்ட இடத்தை யோசியுங்கள். அந்த மேசையிலிருந்த டெல்லர் ஹைட்ரஜன் குண்டுக்காகப் போராடியவர். அணுகுண்டு காற்றுமண்டலத்தையே பற்றவைத்துவிடுமா என்று கணக்கிட்டு, பற்றாது என்று காட்டிய அறிக்கையில் அவரோடு சேர்ந்து எழுதியவர் கொனோபின்ஸ்கி. நாகரிகம் அழிந்துபோகலாம் என்பது அவர்களுக்கு ஏட்டுக் கணக்கு அல்ல. அந்த உரையாடலில் என்னை மிகவும் உலுக்குவது இதுதான்.

‘வரவில்லை, ஆகவே நம் பால்வீதியில் வேறு எவரும் இல்லை’ என்ற வாதத்தை முறையாக எழுதியவர் வானியற்பியலாளர் மைக்கேல் ஹார்ட், 1975-இல். வாதம் வலுவானது. பால்வீதியின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு. ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கில் போனாலும் ஒரு கோடி ஆண்டில் அதைக் கடந்துவிடலாம். பால்வீதியின் வயதோ 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் நம் வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்தின் தொலைவைக் கடக்க அதற்கு 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஹார்ட்டின் கணக்கு முழுவதும், யாராவது ஒருவர் இந்தத் தடையைத் தாண்டியிருப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ‘ஃபெர்மி முரண்’ என்ற பெயர் வழக்குக்கு வந்ததும் 1970-களின் பிற்பகுதியில்தான். கேள்வி ஒருவருடையது, முடிவு வேறொருவருடையது. இரண்டையும் ஒரே பெயரில் கட்டியது ஃபெர்மிக்குச் செய்த அநியாயம் என்றே கருதுகிறேன்.

வர முடியாதவர்களும் பேசலாம் அல்லவா? 1959-இல் இயற்பியலாளர்கள் கொக்கோனியும் மாரிசனும் ‘நேச்சர்’ இதழில், ரேடியோ அலைகளில் அவர்களைத் தேடலாம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே வானியலாளர் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. அன்று தொடங்கிய தேடல் இன்னும் நடக்கிறது. கேட்டுப் பார்த்த நட்சத்திரங்களும் அலைவரிசைகளும் இருப்பவற்றில் மிகச் சிறிய பங்கு. ‘இல்லை’ என்ற முடிவை உங்கள் மாணவர்கள் வகுப்பறையில் இப்போதே எழுதிவிட வேண்டாம்.