ஏ.சி. காற்றில் வாடை: காரணம் அறிந்து நோயாளியைக் காப்போம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்காகக் குடும்பத்தார் முதலில் ஒழுங்கு செய்வது அவர் தங்கும் அறையை. கட்டில் போடுகிறார்கள், விரிப்பை மாற்றுகிறார்கள், தரையைத் துடைக்கிறார்கள். பிறகு, சில மாதங்களாக ஓடாதிருந்த ஏ.சி.யை இயக்குகிறார்கள். முதல் காற்றிலேயே ஈரத்துணி மக்கிய வாடை வருகிறது. "சற்று நேரம் ஓடினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். சில நிமிடங்களில் வாடை மறைந்தது போலவே தோன்றுகிறது.

பெரும்பாலும் வாடை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு நம் மூக்குப் பழகிவிடுகிறது. ஆகவே அந்த அறையிலேயே இருப்பவரின் மூக்கை நம்பி முடிவு செய்யலாகாது. பத்து நிமிடம் வெளியே சென்று திரும்பி வந்து முகர்ந்து பார்ப்பதே சரியான சோதனை. வாடை உண்டென்றால் அதன் காரணத்தைக் கண்டறிந்து நீக்க வேண்டும். மற்றவருக்குச் சிறு எரிச்சலாக முடியும் ஒன்று, ஆஸ்துமா உள்ளவருக்கோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கோ மீண்டும் மருத்துவமனைக்கு வரும் நிலையை உண்டாக்கலாம்.

ஏ.சி.க்குள் ஈரம் எவ்வாறு சேர்கிறது?

குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கண்டிருப்போம். ஏ.சி.க்குள் நிகழ்வதும் அதுவே. அறைக் காற்று உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளின் மீது, அதாவது கூலிங் காயிலின் மீது படும்போது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகிறது. கடலோர ஊர்களின் புழுக்கமான நாட்களில் ஒரு கருவி மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட நீரை வடிக்கக்கூடும். அந்நீர் கீழுள்ள தட்டில் சேர்ந்து டிரெயின் குழாய் வழியே வெளியேறுகிறது.

ஏ.சி.யை நிறுத்தியதும் காயில் ஈரத்துடனேயே இருந்துவிடுகிறது. அறையின் தூசியில் நம் தோலிலிருந்து உதிர்ந்த செதில்களும் துணி இழைகளும் கலந்துள்ளன. தூசி உணவாகிறது, ஈரம் இருக்கிறது, உள்ளே இருளும் இருக்கிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர இவை போதும். மேலும், வீடுகளில் பொருத்தப்படும் ஸ்பிளிட் ஏ.சி. பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. எனவே உள்ளே வளர்வது எதுவாயினும் அது அறைக்குள்ளேயே சுற்றி வருகிறது.

வாடையின் தன்மையும் காரணமும்

மக்கிய வாடை: நனைந்த அட்டைப்பெட்டி, மழைக்காலத்து அலமாரி ஆகியவற்றை நினைவூட்டும். ஃபில்டரிலோ காயிலிலோ காற்றை ஊதும் புளோயர் உருளையிலோ பூஞ்சை படர்ந்திருப்பதன் அறிகுறி இது. காற்று வரும் வாயின் ஓரங்களில் கரும்புள்ளிகள் தெரிந்தால் ஐயமே இல்லை.

புளித்த வாடை: வியர்வை தோய்ந்த காலுறையின் நாற்றம் போன்றது. காயிலின் மீது வழுவழுப்பான படலமாகப் பாக்டீரியா படிவதே பெரும்பாலும் காரணம். ஏ.சி.யைப் போட்ட முதல் சில நிமிடங்களில் இது மிகுதியாக இருக்கும்.

சாக்கடை வாடை: டிரெயின் குழாய் அடைத்துத் தட்டில் நீர் தேங்கினால் வரலாம். பல வீடுகளில் வேறொரு காரணமும் உண்டு. டிரெயின் குழாயின் முனையைக் குளியலறைக் கழிவுநீர்க் குழாய்க்குள் நேராகச் செருகிவிடுகிறார்கள். இடையில் நீர் தங்கும் வளைவு இல்லாவிட்டால், அல்லது கருவி ஓடாத மாதங்களில் அவ்வளைவு வறண்டுவிட்டால், கழிவுக்குழாயின் வாயு மேலேறி அறைக்குள் வருகிறது. எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் வாடை போகவில்லையெனில் முதலில் இதைப் பாருங்கள். குழாய் முனையைத் திறந்த இடத்தில் விடுவதே எளிய தீர்வு.

அழுகல் வாடை: பல்லியோ எலியோ உள்ளே புகுந்து இறந்திருக்கலாம். சுவரில் குழாய்க்காக இட்ட துளையை அடைக்காமல் விட்டிருந்தால் இது மீண்டும் நிகழும்.

புகை, தாளிப்பு, ஊதுவத்தி வாடை: கருவியில் பழுதில்லை. ஈரமான காயில் இம்மணங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுநாள் வெளியிடுகிறது. நோயாளியின் அறையில் புகைபிடித்தலும் கொசுவத்தியும் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருகிய வாடை: மின்கம்பியோ மோட்டாரோ சூடேறுகிறது. பிளாஸ்டிக் உருகும் நாற்றமாகவோ, சில வேளை மீன் கவிச்சை போலவோ இருக்கும். இதற்குக் காத்திருத்தல் கூடாது. உடனே எம்.சி.பி.யை இறக்கி மின்சாரத்தைத் துண்டித்து, நோயாளியை வெளியே அழைத்து வாருங்கள். அவர் ஆக்சிஜனில் இருப்பவரானால் அறையிலுள்ள ஆக்சிஜனை மூடிவிட்டு, வெளியே வந்ததும் அதைத் தொடருங்கள். தீயருகே ஆக்சிஜன் தீயை விரைவில் பெருக்கும்.

குளிர்பதன வாயு: நாம் "கேஸ்" என்று சொல்வது இதுவே. இது பெரும்பாலும் மணமற்றது. சிலர் இலேசான இனிப்பு வாடையை உணர்வதுண்டு. குளிர்ச்சி குறைதலும் காயிலில் பனிக்கட்டி படிதலும் கசிவின் அடையாளங்களாக இருக்கலாம். இப்போதைய கருவிகளில் உள்ள ஆர்-32, ஆர்-290 ஆகியவை தீப்பற்றக்கூடியவை. ஆர்-290 என்பது புரோப்பேனே. கசிவென்று ஐயம் எழுந்தால் கருவியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்து, தீப்பொறி எதுவும் எழாமல் பார்த்துக்கொண்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

யார் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்?

பூஞ்சையின் நுண்வித்துகள் எங்கும் உள்ளன. நாம் அனைவரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். நல்ல உடல்நிலையில் உள்ளவரின் நுரையீரல் அவற்றை அழித்துவிடுகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்து ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரான் அளவே உடையது. வீட்டு ஏ.சி.யின் வலை ஃபில்டர் தூசியைத் தடுக்குமேயன்றி இவ்வளவு நுண்ணியதைத் தடுக்காது.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு இவ்வித்துகள் இருமலையும் இழுப்பையும் தூண்டலாம். இரத்தப் புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுபவர்கள், எலும்பு மஜ்ஜை அல்லது உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், நெடுநாள் மிகு அளவில் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதால், இதே பூஞ்சை நுரையீரலுக்குள் ஊடுருவிக் கடுந்தொற்றை உண்டாக்கக்கூடும்.

மூன்றாவது வகை ஒன்றுண்டு. சிலருடைய நுரையீரல் இத்தூசிக்கு மிகையாக எதிர்வினை காட்டி அழற்சி அடைகிறது. வாடை வீசும் ஏ.சி. அறையில் இருந்து 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர்நடுக்கம், வறட்டிருமல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும். அறையை விட்டு விலகியிருந்தால் குறையும். திரும்பினால் மீண்டும் வரும். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே பலர் எண்ணிவிடுவர். எந்த நாளில், எந்த அறையில் இருந்தபின் வந்தது என்று குறித்துவைத்தால், அக்குறிப்பே மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

"ஏ.சி.யால் லீஜனேர் நோய் வருமாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு விடுதியில் கூடியவர்களிடையே பரவி, பலரது உயிரைப் பறித்தபோது இந்நோய் அறியப்பட்டது. இதன் கிருமி பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்களிலும் நீர்க்குழாய்களிலும் வளர்ந்து, நீர்த்திவலைகள் வழியே பரவுவது. வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. குளிர்விக்க நீரைத் தெளிப்பதில்லை. ஆதலால் அதைக் குறித்து இந்த அச்சம் வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

இரு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவுங்கள். நிழலில் முழுமையாக உலர்ந்த பின்னரே மாட்டுங்கள். ஈரத்துடன் மாட்டினால் கழுவியதன் பயன் போய்விடும். இவ்வேலையை நோயாளி செய்யலாகாது. செய்பவர் முகக்கவசம் அணிந்து, நோயாளி இல்லாத இடத்தில் கழுவ வேண்டும்.

ஏ.சி.யை நிறுத்துவதற்கு முன் 20 நிமிடம் ஃபேன் நிலையில் ஓடவிடுங்கள். காயில் உலர்ந்துவிடும். பணம் செலவில்லாத இவ்வொரு பழக்கமே மக்கிய வாடையைப் பெருமளவு தடுக்கும்.

காயில், புளோயர், நீர்த்தட்டு, டிரெயின் குழாய் ஆகிய நான்கையும் ஆண்டுக்கு இருமுறையேனும் மெக்கானிக்கைக் கொண்டு தூய்மை செய்யுங்கள். இரவும் பகலும் ஓடும் நோயாளி அறையில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை செய்வது நன்று. வெறும் ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டுப் போக விடாதீர்கள். புளோயர் உருளையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சர்வீஸ் நடக்கும்போது வித்துகள் காற்றில் பறக்கும். நோயாளியை வேறு அறைக்கு மாற்றி, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் தரையையும் கட்டிலையும் துடைத்து, சன்னல்களைத் திறந்து வைத்துச் சில மணி நேரம் கழித்தே அழைத்து வாருங்கள். வீடு திரும்பும் நாளுக்கு முன்பே இதை முடித்துவிடுவது மிகவும் நல்லது.

செய்யக்கூடாதவை

வாடையை மறைக்க வாசனைத் தெளிப்பான் அடிக்க வேண்டாம். காரணம் உள்ளேயே இருக்க, அதன்மேல் இன்னொரு எரிச்சலூட்டும் பொருளும் சேர்கிறது. ஆஸ்துமா நோயாளிக்கு இழுப்பை வரவழைக்க அது போதும்.

ஏ.சி.யின் வாயில் அந்துருண்டையைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதிலுள்ள நாஃப்தலீன் ஆவி, ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சிளங்குழந்தைகளுக்கு இது பேராபத்து. கற்பூரமும் வேண்டாம். குழந்தை அதை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரலாம்.

பிளீச்சிங் திரவத்தைக் காயிலில் ஊற்றாதீர்கள். அலுமினியம் அரிக்கப்படும், ஆவி மூச்சுக்குழாயைப் புண்படுத்தும். கழிவறை அமிலத்துடன் அது கலந்தால் நச்சான குளோரின் வாயு எழும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

ஏ.சி. அறையில் இருமலோ இழுப்போ மிகுந்து வெளியே குறைந்தால், அடுத்த வருகையில் மறவாமல் சொல்லுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை இருந்தால் அன்றே வாருங்கள். கீமோதெரபி பெறுபவருக்கோ மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கோ உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வேறு அறிகுறி எதற்கும் காத்திராமல், இரவாயினும் உடனே மருத்துவமனையைத் தொடர்பு கொள்ளுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். வாடை வந்தது உங்கள் பராமரிப்பின் குறையாலன்று. ஈரமும் தூசியும் சேருமிடத்தில் இது இயல்பு. மூக்குப் பழகிப்போகும் முன் அதைக் கவனித்து, காரணத்தை நீக்குவதே நம் வேலை. சர்வீஸ் முடியும்வரை ஏ.சி.யை நிறுத்திவிட்டு, சன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டுக்கொள்வதில் நோயாளிக்குக் குறை ஏதும் வந்துவிடாது.