எந்த மண்ணுக்கு எந்தப் புல்?



முதலாமாண்டு சேர வந்த அன்று, ஆபீசுக்கு முன்னால் இருந்த புல்தரையைப் பார்த்துவிட்டு என் அப்பா, "ஏலே, இது அருகுல்லா? இதையா தண்ணி விட்டு வளக்காக?" என்று கேட்டார். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் அருகைத் தோண்டித் தோண்டியே அவர் முதுகு வளைந்து போனது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அன்று பதில் தெரியாமல் சிரித்து மழுப்பினேன். இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

புல்லில் குளிர் விரும்பும் வகை, வெப்பம் விரும்பும் வகை என இரண்டு உண்டு. முதல் வகை 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை செழிக்கும். இரண்டாவதற்கு 27 முதல் 35 டிகிரி வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் வரும் கென்டக்கி புளூகிராஸ் முதல் வகை. நம் சமவெளியின் சித்திரை வெயிலுக்கு அது தாங்காது. அருகு வெயில் புல். தரைமேல் ஓடும் கொடியாலும், மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் பரவுகிறது. மேலே சருகானாலும் கீழே உயிர் கிடக்கும். அப்பாவின் முதுகை ஒடித்த குணமும் இதுதான்!

கொரியன் புல் மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் பரவ நாளாகும். அருகுக்கு நல்ல வெயில் வேண்டும். வேப்பமர நிழலில் நட்டு அழ வேண்டாம், அங்கே ஒரு பெஞ்சு போடுங்கள்.

சிவில் மாணவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டேன். 30 அடிக்கு 20 அடி இடம் என்றால் சுமார் 56 சதுர மீட்டர். கோடையில் பச்சையாக வைத்திருக்க வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1,400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 93 குடம்! எங்கம்மா தெருக்குழாயில் ஒரு நாளைக்குப் பிடிப்பது 8 குடம். எங்கள் வீட்டுக்குப் பதினொரு நாளைக்கு மேல் வரும் தண்ணீரை இந்தப் புல் ஒரு வாரத்தில் குடித்துவிடும். இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. அதனால் என் கட்சி இதுதான்: பங்குனி, சித்திரையில் அருகு பழுத்தால் பழுக்கட்டும், மழை வந்ததும் துளிர்க்கும். சாக்கடைக்குப் போகும் குளியல் தண்ணீரைத் திருப்பிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

ஹாஸ்டலில் நாங்கள் தினம் மாலை லேசாகத் தெளித்தோம். அது தப்பு. வேர் மேலேயே நின்றுவிடும். வாரம் ஒன்றிரண்டு முறை, அரை அடி மண் நனையும்படி விட வேண்டும். இன்னொரு கூத்தும் நடந்தது. ஆண்டு விழாவுக்கு முதல் நாள் அழகுபடுத்துகிறோம் என்று அரிவாளால் மொட்டையடித்தோம். விழா அன்று தரை வெளுத்துக் கிடந்தது! ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஒன்று, ஒன்றரை அங்குலமாவது விட வேண்டும்.

புதிதாக நடுவதென்றால் ஓர் அடி ஆழம் கொத்தி, கோரைக்கிழங்கைப் பொறுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா போட்டால், மிச்சக் கோரை தானே முளைத்துக் காட்டிக் கொடுக்கும். அதையும் எடுத்துவிட்டு, மக்கிய தொழு உரம் கலந்து, வேருள்ள துண்டுகளை நாலு அங்குல இடைவெளியில் ஊன்றலாம். மழைக்கு முன்னால், புரட்டாசியில் செய்தால் பாதித் தண்ணீர் மிச்சம்.

நாற்றுக்குக் காசு வேண்டாம். புரட்டாசியில் ஊருக்குப் போகும்போது எங்கள் காட்டிலிருந்து ஒரு சாக்கு அருகு கொண்டு வருகிறேன். வேர் மண்ணைக் கழுவித்தான் கொண்டு வரணும், இல்லாவிட்டால் கோரையும் கூடவே பஸ் ஏறிவிடும்.