தலைவர்களை எடைபோடப் புறப்பட்ட பிள்ளைக்கு

தன்பால் ஈர்ப்பாளர் உரிமை விஷயத்தில் எந்தத் தலைவரை நம்பலாம் என்று கேட்டிருந்தாய். யார் மனசுக்குள்ளும் எட்டிப் பார்க்க நமக்கு வழியில்லை, கண்ணு. செய்ததைப் பார்க்கலாம். அங்கிருந்து தொடங்கு.

1. வாக்குப்பதிவை முதலில் பார். 'பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை' என்று சும்மாவா சொன்னார்கள்? தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் திருத்த, 2015 டிசம்பரில் சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஆதரவு 24, எதிர்ப்பு 71, அறிமுகத்திலேயே தோற்றது. ஐந்நூறுக்கு மேல் உறுப்பினர் உள்ள அவை அது. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேள்.

2. நழுவலையும் குறித்துவை. 2018இல் அதே பிரிவு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, ஒன்றிய அரசு முடிவை நீதிபதிகளிடமே விட்டுவிட்டது. 2023இல் திருமண உரிமை கேட்டவர்களை எதிர்த்து வாதாடியது. முதலில் நழுவியதன் அர்த்தம் பிறகுதான் விளங்கும், அவசரப்பட்டுக் கைதட்டாதே.

3. யார் முன்னால் பேசினார் என்று கவனி. ஒரு வேட்பாளரை எனக்குத் தெரியும். நகரத்துக் கூட்டத்தில் வானவில் கொடியைத் தோளில் போட்டுச் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். தொகுதியில் வீடு வீடாகக் கொடுத்த துண்டறிக்கையில் கோயில் திருவிழாப் படம் இருந்தது, மாட்டுப் பொங்கல் படம் இருந்தது. வானவில் கொடிப் படம் மட்டும் இல்லை. ஓட்டு பறிபோகும் இடத்தில் சொன்னதற்குத்தான் மதிப்பு.

4. மனம் மாறியவரை விரட்டாதே. இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார் என்று பார். அமெரிக்காவின் ஒபாமா 1996இல் தன்பால் திருமணத்துக்குச் சரி என்றார், 2008இல் இல்லை என்றார், 2012இல் மறுபடி சரி என்றார். ஓட்டுக்கணக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் வெளிப்படையாக இருக்கும் தன்பால் ஈர்ப்பாளர்களைப் படையில் சேர்க்காத சட்டத்தை நீக்கும் மசோதாவில், 2010லேயே கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். நாக்கு தயங்கியபோதும் கை வேலை செய்திருக்கிறது.

5. நோக்கம் வேறு, பலன் வேறு. 2017இல் ஜெர்மனியில் மெர்க்கெல், அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று வழிவிட்டார். தன்பால் திருமணச் சட்டம் 393க்கு 226 என்று நிறைவேறியது. அவரோ எதிர்த்தே வாக்களித்தார். தேர்தலுக்கு முன் தலைவலியைத் தீர்க்கப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களுக்குச் சட்டம் சட்டம்தான். பலனுக்கு நன்றி சொல்; அதற்காக அவரைப் போராளி ஆக்கிவிடாதே.

6. உன் கட்சிக்கும் இதே தராசு. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்ற அமெரிக்கச் சட்டத்தில் 1996இல் கையெழுத்திட்டவர் கிளின்டன். 1992இல் தன்பால் ஈர்ப்பாளர்கள் பலர் நம்பி ஓட்டுப் போட்ட அதே கிளின்டன். எதிரியின் பழைய வாக்கைத் தேடி எடுக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உனக்குப் பிடித்தவருடையதைத் தேடு. தேடியதை அவருடைய ஆட்கள் முன்னாலேயே படித்துக் காட்டு. அந்தத் தைரியம் வந்த பிறகு நீ சொல்லும் பாராட்டையும் நாலு பேர் நம்புவார்கள்.