வாஷிங்டனின் கையைக் கட்ட 34 மாநிலங்கள் போதுமா?

கேள்வி: என் மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்று டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கிறாள். மாநிலங்களே கூடி அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி வாஷிங்டனின் அதிகாரத்தைக் குறைக்கப் போவதாகச் சொல்லி, வீட்டு வாசலுக்கே வந்து கையெழுத்துக் கேட்டார்களாம். 34 மாநிலங்கள் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? அதிபர் சும்மா விட்டுவிடுவாரா? என் மகளுக்கு இதில் வாக்கு உண்டா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருச்சி

பதில்: அதிபரைப் பற்றிய கேள்விக்குப் பதில் எளிது. அரசமைப்புத் திருத்தத்துக்கு அவருடைய கையெழுத்தே தேவையில்லை என்று 1798லேயே அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர் மேடையில் பேசலாம், கட்சிக்காரர்களை நெருக்கலாம். வீட்டோ மட்டும் செய்ய முடியாது.

மற்ற இரண்டு கேள்விகளும் அவ்வளவு எளிதல்ல. அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாவது பிரிவு, திருத்தத்தை முன்மொழிய இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. காங்கிரஸின் (அந்த ஊரில் நாடாளுமன்றத்துக்குப் பெயரே அதுதான்) இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிவது ஒரு வழி. இதுவரை காங்கிரஸ் அப்படி அனுப்பியவை 33. அவற்றில் நிறைவேறியவை 27. மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள், அதாவது இன்றைய 50 மாநிலங்களில் 34, மனு கொடுத்தால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியே ஆக வேண்டும் என்பது இன்னொரு வழி. உங்கள் மகளிடம் கையெழுத்துக் கேட்டவர்கள் இந்த இரண்டாவது வழிக்காரர்கள். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1789லிருந்து அந்த வழியில் ஒரு மாநாடுகூடக் கூடியதில்லை.

பின் ஏன் அதை வைத்தார்கள்? 1787 செப்டம்பர் 15, பிலடெல்பியா. இரண்டு நாளில் கையெழுத்திட்டுக் கலைய வேண்டிய அவசரத்தில் எல்லோரும் இருந்தபோது, வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து ஆட்சேபித்தார். திருத்தம் எல்லாம் காங்கிரஸின் கையில்தான் என்றால், காங்கிரஸே அத்துமீறும்போது யார் திருத்துவது என்பது அவர் வாதம். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்காதீர்கள் என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். அவர் பேச்சு எடுபட்டு, இந்த வழி உள்ளே வந்தது. அந்த மாநாடு எப்படி நடக்கும், யார் வருவார்கள், வாக்கு எப்படி என்று ஜேம்ஸ் மாடிசன் அப்போதே ஐயம் எழுப்பினார். விடை எழுதப்படவில்லை. மேசனோ, வேறு குறைகளைச் சொல்லிக் கடைசியில் கையெழுத்தே போடாமல் ஊர் திரும்பினார்.

நம் 368ஆவது பிரிவோடு ஒப்பிட்டால், மாநிலங்களுக்கு இது எவ்வளவு பெரிய உரிமை என்று தெரியும். இந்தியாவில் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில்தான் பிறக்க வேண்டும். சில வகைத் திருத்தங்களுக்கு மட்டும் பாதி மாநிலங்களின் ஒப்புதல் தேவை. தொடங்கிவைக்கும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை.

அமெரிக்காவில் இதைக் கையில் எடுக்காமலே காட்டி மிரட்டியதால் நடந்த காரியங்கள் உண்டு. ஒரு காலத்தில் செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பிரதிநிதிகள் சபை திரும்பத் திரும்பச் சொல்லியும் செனட் கேட்கவில்லை. மாநிலங்களின் மனுக்கள் தேவையான எண்ணிக்கையை நெருங்க நெருங்க செனட்டுக்கு வேர்த்தது. மாநாடு கூடி என்ன எழுதுமோ என்ற பயத்தில் தானே 1911இல் இறங்கி வந்தது. 1913இல் 17ஆவது திருத்தம் நிறைவேறியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாஷிங்டனுக்குள் மாநிலச் சட்டமன்றங்களுக்கு இருந்த ஒரே நேரடிப் பிடி போனது இந்தத் திருத்தத்தால்தான். அந்தப் பிடியை விட்டுக்கொடுக்கச் சொல்லி மனுப் போட்டவையும் அதே சட்டமன்றங்கள்தான். இன்று மாநில உரிமை பேசுபவர்களில் பலர் அந்தத் திருத்தத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

எல்லை வரை வந்து நின்றவையும் உண்டு. சட்டமன்றத் தொகுதிகளைச் சம மக்கள்தொகையோடு பிரிக்க வேண்டும் என்ற 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் செல்லாததாக்க, செனட்டர் எவரெட் டர்க்சன் கிளப்பிய முயற்சிக்கு 1969க்குள் 33 மாநிலங்கள் சேர்ந்தன. ஒன்று குறைந்தது. அந்த ஆண்டே அவர் இறந்துபோனார், முயற்சியும் படுத்துவிட்டது. வரவுக்குள் செலவு செய்யும்படி மத்திய அரசைக் கட்டாயப்படுத்தும் திருத்தத்துக்கு 1983இல் மிசூரி 32ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. பின்பு அலபாமா, புளோரிடா, லூசியானா என்று ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

இப்போதைய இயக்கத்தின் பெயர் ‘கன்வென்ஷன் ஆஃப் ஸ்டேட்ஸ்’. மத்திய அரசின் செலவுக்குக் கடிவாளம், அதன் அதிகார எல்லைக்கு வரம்பு, அங்குள்ள பதவிகளுக்குக் கால வரம்பு என்று மூன்று கோரிக்கைகள் அதன் மனுவில் இருக்கின்றன. 2014இல் ஜார்ஜியா முதலில் நிறைவேற்றியது, டெக்சாஸ் 2017இல். 2022இல் விஸ்கான்சின், நெப்ராஸ்கா, மேற்கு வர்ஜீனியா, தெற்கு கரோலினா ஆகிய நான்கும் சேர்ந்தபோது கணக்கு 19 ஆனது. அதன்பின் பழைய வேகம் இல்லை.

இவர்கள் உண்மையில் என்ன எழுதுவார்கள் என்பதற்கு 2016இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் நடத்திய ஒத்திகை மாநாட்டைப் பார்க்க வேண்டும். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் நடந்த அந்தக் கூட்டம் ஆறு திருத்தங்களை நிறைவேற்றிக் காட்டியது. வருமான வரிக்கு வழிவிட்ட 16ஆவது திருத்தத்தை நீக்குவது அவற்றில் ஒன்று. ஐந்தில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 30 மாநிலங்கள், கூடி மத்தியச் சட்டம் எதையும் ரத்து செய்யலாம் என்பது இன்னொன்று. ‘செலவைக் குறைப்போம்’ என்று உங்கள் மகளின் வாசலில் சொல்லப்படுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். மக்கள்தொகை குறைந்த 30 மாநிலங்களைக் கூட்டினால் நாட்டின் பாதி மக்கள்கூடத் தேற மாட்டார்கள். மாநில உரிமையில் எனக்கு அக்கறை உண்டு. ஆனாலும் இதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மாடிசன் கேட்ட கேள்விகள் இன்னும் அப்படியே நிற்கின்றன, புதியவையும் சேர்ந்திருக்கின்றன. ஒரு மாநிலம் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறலாமா? பழைய மனு காலாவதியாகுமா? 1789இல் நியூயார்க் கொடுத்த பொது மனுவைக்கூட இன்றைய கணக்கில் சேர்த்து 34ஐ எட்டிவிடலாம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நடைமுறையை வகுக்க செனட்டர் சாம் எர்வின் கொண்டுவந்த மசோதா 1971இல் செனட்டில் நிறைவேறி, பிரதிநிதிகள் சபையில் செத்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், கூடிய மாநாடு கடிவாளம் அறுத்து ஓடிவிடுமோ என்பது. பழைய கூட்டமைப்பு விதிகளைச் சீர்திருத்தத்தான் 1787இல் பிலடெல்பியாவில் கூடினார்கள். கலையும்போது அந்த விதிகளையே தூக்கி எறிந்திருந்தார்கள். 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்றிருந்ததை 9 போதும் என்றும் மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் வலதுகோடியில் நிற்கும் ஜான் பர்ச் சொசைட்டியும் இடதுபக்கத்து காமன் காஸும் ஒரே அணியில் நின்று எதிர்க்கின்றன. டெலவேர், மேரிலாந்து, நியூ மெக்சிகோ, நெவாடா போன்றவை 2016, 2017இல் தங்கள் பழைய மனுக்களை ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டன. மறுபக்கம், வரம்பு மீறும் பிரதிநிதியின் வாக்கு செல்லாது, அது தண்டனைக்குரிய குற்றம் என்று இந்தியானா 2013இல் சட்டமே போட்டது.

என்னைக் கேட்டால், ஓடிவிடும் என்ற பயம் கொஞ்சம் மிகை. மாநாடு முன்மொழியத்தான் முடியும், நிறைவேற்ற முடியாது. 34 என்பது வாசல்தான். உள்ளே போக 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். 13 மாநிலங்களில் சட்டமன்றத்தின் ஏதாவது ஓர் அவை அசையாமல் இருந்தாலே திருத்தம் செத்துவிடும். இரு கட்சிகளும் மாநிலங்களைப் பங்குபோட்டு வைத்திருக்கும் இன்றைய நிலையில், ஒரு கட்சிக்கு மட்டும் இனிக்கும் எதுவும் அங்கே தேறாது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக 2023இல் இதே மாநாட்டு வழியில் மனுப் போட்ட கலிபோர்னியாவுக்கும் இதே கதிதான். கால வரம்பு ஒன்றுக்குத்தான் இரு பக்கத்திலும் ஆதரவு உண்டு. மாநிலங்கள் தாமாக அதை விதிக்க முடியாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டதால், திருத்தம் தவிர அதற்கு வேறு வழியும் இல்லை.

உங்கள் மகளுக்கு இதில் நேரடி வாக்கு கிடையாது. ஒப்புதலை மக்கள் வாக்கெடுப்புக்கு விட ஒகையோ முயன்றபோது, அது சட்டமன்றத்தின் வேலை என்று 1920இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மதுவிலக்கை நீக்கிய 21ஆவது திருத்தத்துக்கு மட்டும், 1933இல், ஒப்புதல் தரும் மாநில மாநாடுகளுக்கு மக்கள் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். வாசலில் போடும் கையெழுத்துக்குச் சட்டப்படி எடை எதுவும் இல்லை; தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் மேசைக்கு அது ஒரு கடிதமாகப் போகும், அவ்வளவுதான். அவள் பார்க்க வேண்டியது ஆஸ்டினில் கூடும் மாநிலச் சட்டமன்றத்துக்கு யாரை அனுப்புகிறாள் என்பதை. அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நிற்கிற பலரும் வாக்குச்சீட்டின் அந்தப் பகுதிக்கு வருவதற்குள் சலித்துவிடுகிறார்கள். 34ஐயும் 38ஐயும் எண்ணுவது அங்கேதான்.