நூல் வழங்கு முறையும் கணிப்பொறியும்: சிறு நூலகங்களுக்கு உகந்த வழி

ஒரு நூலகத்தின் பயனை அதன் அலமாரிகளிலுள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அவற்றுள் எத்தனை நூல்கள் வாசகர் கைக்குச் சென்று திரும்புகின்றன என்பதே உண்மையான அளவுகோலாகும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என வலியுறுத்துகிறது. இவ்விதி நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகும் இடம் நூல் வழங்கும் மேசையே. ஆதலின், எத்தகைய வழங்கு முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது வெறும் அலுவலக நடைமுறை பற்றிய வினா அன்று. பொதுப் பணத்தைப் பயனுறச் செலவிடுதல் பற்றிய வினாவும் ஆகும்.

பேரேட்டிலிருந்து பிரௌன் முறைக்கு

தொடக்கத்தில் நூல் வழங்கல் அனைத்தும் பேரேட்டில் எழுதப்பட்டது. நூலின் பெயர், சேர்க்கை எண், வாசகர் பெயர், தேதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமும் பெற வேண்டியிருந்தது. நூல் திரும்பி வரும்போது பழைய பக்கங்களைப் புரட்டி அப்பதிவைத் தேட நேர்ந்தது.

இச்சுமையைக் குறைத்தது, அமெரிக்க நூலகர் நைனா பிரௌன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறை. வாசகர் எத்தனை நூல்களைப் பெறலாமோ அத்தனை சீட்டுகள் அவருக்கு வழங்கப்படும். ஒவ்வொரு சீட்டும் ஒரு சிறு உறை போன்றது. நூலினுள் இருக்கும் புத்தக அட்டையை எடுத்து வாசகர் சீட்டினுள் செருகி, தவணைத் தேதி வாரியாகத் தட்டில் அடுக்கிவிட்டால் வழங்கல் முடிந்தது. நூலின் தேதிச் சீட்டில் முத்திரையிடுவதன்றி எழுத்து வேலை ஏதுமில்லை. நூல் திரும்பியதும் தேதிச் சீட்டைப் பார்த்து உரிய அட்டையை எடுத்து நூலில் வைத்து, சீட்டை வாசகரிடம் அளித்துவிடலாம். சீட்டு கையில் இல்லாதவர் நூல் பெற இயலாது; எனவே வரம்பு தானே காக்கப்படுகிறது. தவணை கடந்த நூல்களும் தட்டின் முன்வரிசையிலேயே தெரிந்துவிடும்.

இதன் பொருளாதாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நூலகத்தில் நாளொன்றுக்கு 200 வழங்கல்களும் திரும்பப் பெறுதல்களும் நிகழ்வதாகக் கொள்வோம். பேரேட்டில் ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் ஆகுமெனின் மொத்தம் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம் தேவைப்படும். சீட்டு முறையில் அரை நிமிடமே ஆகுமெனின் 100 நிமிடம் போதும். எஞ்சும் 5 மணி நேரம், தேடி வரும் மாணவருக்கு வழிகாட்டப் பயன்படும். இயந்திரம் ஏதுமின்றி, அட்டையும் தட்டும் கொண்டே இவ்வாதாயம் கிட்டுகிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கணிப்பொறி தருவது என்ன?

சீட்டு முறைக்கும் குறைகள் உண்டு. ஒருவர் எடுத்துச் சென்ற நூலை மற்றொருவர் முன்பதிவு செய்ய விரும்பினால், எல்லாத் தேதிகளின் வரிசைகளையும் தேட வேண்டும். நூல் திரும்பியவுடன் அதன் தடம் தட்டிலிருந்து மறைந்துவிடுவதால், எந்நூல் ஐந்தாண்டுகளாக அசையாமல் கிடக்கிறது, எத்துறைக்கு மேலும் படிகள் தேவை என்பவற்றை அறிவதும் கடினம்.

கணிப்பொறி இக்குறைகளை நீக்குகிறது. அடிப்படையில் அதற்கு வேண்டுவன மூன்று பதிவுகளே: நூற்படிகள், உறுப்பினர்கள், வழங்கல்கள். சேர்க்கை எண்ணைப் பட்டைக் குறியீடாக அச்சிட்டு ஒட்டிவிட்டால், நூலும் உறுப்பினரும் ஒரு நொடியில் இணைக்கப்படுவர். மேசையில் மிச்சமாகும் சில நொடிகளைக் காட்டிலும், கொள்முதலைத் திட்டமிட உதவும் தகவலே பெரிய ஆதாயம்.

இதற்கான மென்பொருள் அரசு நூலகங்களுக்கு எட்டாத விலையுடையது என்னும் எண்ணம் தவறானது. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா உள்ளது. பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்காக இன்ஃப்ளிப்நெட் மையம் உருவாக்கிய சோல் உள்ளது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-ஆம் ஆண்டு எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா இன்று உலகெங்கும் கட்டற்ற மென்பொருளாக வழங்குகிறது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு நன்கொடை என்பது பொருள்.

உண்மையான செலவு வேறோரிடத்தில் உள்ளது. 20,000 நூல்களை நாளொன்றுக்கு 40 வீதம் பதிந்தால் 500 வேலை நாட்கள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். கருவிகளுக்கு ஒப்புதல் அளித்து, இவ்வுழைப்புக்கு ஒதுக்கீடு செய்யாத திட்டம், துணி மூடிய கணிப்பொறியாகவே முடியும். இதற்கு எளிய மாற்று வழி உண்டு. புதிய நூல்களை முதலில் பதியலாம். பழைய நூல்களுள் எவை வாசகரால் மேசைக்குக் கொண்டுவரப்படுகின்றனவோ, அவற்றை அப்போதைக்கப்போது பதியலாம். மிகுதியாகப் பயன்படும் நூல்கள் சில மாதங்களிலேயே பதிவாகிவிடும்.

மாற்றங்களைக் காத்தல்

கணிப்பொறி வந்தபின் புதியதொரு இடர் எழுகிறது. தவணை நாட்களை 14-லிருந்து 7 ஆக ஒருவர் மாற்றிவிட்டால், அதனை யார், எப்போது, ஏன் செய்தார் என்பது சில மாதங்களில் மறந்துபோகும். ஆயிரக்கணக்கான பட்டியற் பதிவுகளை ஒரே கட்டளையால் திருத்தும்போது நேரும் பிழையும் ஆயிரமடங்காகும்.

இதற்குப் பரிகாரம் பதிப்புக் கட்டுப்பாடு. லினக்ஸின் மூலநிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு உருவாக்கிய கிட் என்னும் கருவி இதில் பெயர் பெற்றது. கோஹாவின் மூலநிரலும் இக்கருவியிலேயே பேணப்படுகிறது. நூலகர்களுக்குக் கணிப்பொறித் திறன் கற்பிக்கும் லைப்ரரி கார்பென்ட்ரி என்னும் பயிற்சித் திட்டத்தின் பாடங்களிலும் கிட் இடம்பெறுகிறது.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. சேர்க்கைப் பதிவேட்டில் அழித்தெழுதுதல் கூடாது. தவறான பதிவைக் கோடிட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, தேதியுடன் சுருக்கொப்பமிட வேண்டும். அலுவலகக் கோப்பின் குறிப்புத் தாள்களும் பக்க எண்ணிட்டு, ஒவ்வொரு முடிவின் காரணத்தையும் வரிசையாகக் காக்கின்றன. கிட் இதே ஒழுங்கைக் கணிப்பொறிக் கோப்புகளுக்கு அளிக்கிறது: மாற்றம், மாற்றியவர், நேரம், காரணம் ஆகிய நான்கும் பதிவாகின்றன, பழைய நிலைக்குத் திரும்பவும் இயலும். பயிற்சியை இவ்வொப்புமையிலிருந்து தொடங்கினால் மூத்த பணியாளரும் தயக்கமின்றிக் கற்பர்.

ஓர் எச்சரிக்கை வேண்டும். விதிமுறைகள், அறிக்கை வடிவங்கள், பட்டியல் திருத்த நிரல்கள் ஆகியவை இக்களஞ்சியத்துக்கு உரியவை. கடவுச்சொற்களும் உறுப்பினர் விவரங்களும் அங்கு புகலாகாது; எளிதில் மறவாமையே அதன் இயல்பாதலால், ஒருமுறை புகுந்தவற்றை முற்றிலும் நீக்குதல் அரிது. அன்றாட வழங்கல் பதிவுகளுக்குத் தனியே காப்புப் படிகள் எடுக்கப்பட வேண்டும்.

மறத்தலும் ஒரு கடமை

சீட்டு முறையின் குறையாகக் கூறப்பட்ட மறதி, மற்றொரு கோணத்தில் நற்பண்பாகும். நூல் திரும்பியதும் அதைப் படித்தவர் யார் என்பதைத் தட்டு மறந்துவிட்டது. கணிப்பொறி மறப்பதில்லை. நோயைப் பற்றியோ, சட்டச் சிக்கலைப் பற்றியோ ஒருவர் படித்த நூல்களின் பட்டியல் அவரது சொந்த வாழ்வின் பகுதி. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் நிறைவேறியபின் தனிநபர் விவரங்களை வைத்திருத்தல் கூடாது என்னும் கொள்கையை ஏற்றுள்ளது. நூல் திரும்பியபின் வாசகர் பெயரை நீக்கி, எண்ணிக்கையை மட்டும் காக்கும் வசதி கோஹாவில் உண்டு. திட்டமிடலுக்கு அவ்வெண்ணிக்கையே போதுமானது.

முடிவாக, ஒரே முறை எல்லா நூலகங்களுக்கும் ஏற்றதாகாது. நாளொன்றுக்கு இருபது நூல்களே வழங்கும், மின்சாரம் நிலையற்ற கிராமப்புற நூலகத்திற்குச் சீட்டு முறையே போதும். வழங்கல் பெருகி, கிளைகள் விரிந்து, முன்பதிவுகள் மிகும்போது கணிப்பொறி இன்றியமையாததாகிறது. ஒப்புதல் வழங்கும் அதிகாரி மூன்று வினாக்களுக்கு விடை பெறுதல் நலம்: பதிவுப் பணியை யார் செய்வர்? காப்புப் படியை யார் எடுப்பர்? மின்சாரம் நின்ற நாளில் நூல் எவ்வாறு வழங்கப்படும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் செலவிடப்படும் பணம், நூல்களாக வாசகரின் இல்லம் சேரும்.